பாலம் வரும் வரைக்கும்

கீழமருதங்குடி,
கீழ்வேளூர் வழி.
சித்திரை மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் பூவிழிக்கு,

அம்மா எழுதுகிறேன். உன் அப்பாவின் முழங்கால் வலியைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் இந்த வீட்டில் எல்லாரும் சுகம், அங்கே புனேயில் நீயும் மாப்பிள்ளை சேரனும் உன் வயிற்றில் இருக்கும் அஞ்சு மாதத்துப் பிள்ளையும் சுகம் என்ற சேதிதான் தினமும் எனக்குச் சோறு இறங்குவதற்கு வேண்டியது. உளுந்து பிடுங்கி அடித்து முடித்தாயிற்று, போன வருடத்துக்கு இந்த வருடம் பரவாயில்லை, உனக்கென்று ஒரு டப்பா நிறையத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். சிவப்புப் பசு கன்று போட்டிருக்கிறது, கிடாரி, நெற்றியில் வெள்ளையாக ஒரு பொட்டு. வெயில் மண்டையைப் பிளக்கிறது. போன் இருக்கும்போது இதென்ன அம்மா கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். போனில் சொல்ல முயன்றால் நீ அழுவாய், நீ அழுதால் நான் அழுவேன், அதற்குள் சிக்னல் போய்விடும், சொல்ல வந்தது சொல்லாமலே நிற்கும். அதனால்தான் மகளிர் குழுக் கணக்கு நோட்டில் நாலு தாளைக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், பொறுமையாக உட்கார்ந்து படி.

போன மாதம் பிரசவத்துக்கு இங்கே வருகிறேன் என்று நீ சொன்னபோது வராதே, அங்கேயே பார்த்துக்கொள், நான் ரயில் ஏறி வருகிறேன் என்று பட்டென்று சொல்லிவிட்டேன். அதற்கு நீ, அப்போ எனக்குத் தாய் வீடு இல்லையாம்மா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாய். அந்த ஒரு வார்த்தை என்னை இத்தனை நாளும் தூங்கவிடவில்லை. தலைப்பிரசவத்துக்குப் பெண்ணை வராதே என்று சொல்கிற தாய் எவளாவது உண்டா, சொன்னேன் என்றால் அதற்குக் காரணம் இருந்தது, அந்தக் காரணத்தை உன்னிடம் மறைத்துவிட்டேன். வயிற்றில் பிள்ளையை வைத்திருப்பவளிடம் இதையெல்லாம் சொல்லக் கூடாது என்று உன் அப்பா தடுத்தார், எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. இப்போது சொல்லலாம், ஏன் சொல்லலாம் என்பது கடைசியில் உனக்கே தெரியும்.

நம் தெருக்கோடி பூர்ணிமா உனக்கு நினைவிருக்கும், உன்னோடு ஏழாவது வரை படித்தவள், இங்கேயே வாழ்க்கைப்பட்டவள். போன கார்த்திகையில் அவளுக்குச் சொன்ன தேதிக்குப் பத்து நாள் முன்னாலேயே வலி எடுத்துவிட்டது. மத்தியானம் மூன்று மணி, அடைமழை, ஆறு இரு கரையும் முட்ட ஓடுகிறது. 108க்குப் போன் போட்டோம், சொன்ன நேரத்துக்கு வண்டி வந்துவிட்டது, அவர்கள் மேல் ஒரு குறையும் இல்லை, ஆனால் வந்து நின்றது அக்கரையில். எட்டு வருடத்துக்கு முந்திய புயலில் கைப்பிடிச் சுவர் இடிந்ததிலிருந்து நம் நடைபாலத்தில் சைக்கிள், டூவீலர் தவிர எதுவும் போகக் கூடாது என்று போர்டு போட்டிருக்கிறார்கள் அல்லவா, அகலமும் அவ்வளவுதான். சுற்றிக்கொண்டு வரவேண்டும் என்றால் பதினாறு கிலோமீட்டர், அந்தக் குண்டுகுழி ரோட்டில் முக்கால் மணி நேரம். கட்டிலில் படுக்கவைத்து நாலு பேர் தூக்கினார்கள், நான் மேலே நெல் மூடுகிற தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு கூடவே போனேன். பாலத்தில் பாதி போவதற்குள் பிள்ளை வந்துவிட்டது பூவிழி. என் கையில்தான் விழுந்தது. அழவில்லை. நீலமாக இருந்தது. வண்டியில் வந்த பெண் அக்கரையிலிருந்து மழையில் ஓடி வந்து வாங்கி என்னென்னவோ செய்தபிறகுதான் குரல் வந்தது. பூர்ணிமாவுக்கு ரத்தம் நிற்காமல் திருவாரூரில் எட்டு நாள் வைத்திருந்தார்கள். இப்போது தாயும் மகளும் சுகம், பிள்ளை குப்புற விழுந்து தவழப் பார்க்கிறது. ஆனால் அந்தப் பிள்ளை அழாமல் கிடந்த நேரம் என் கையை விட்டுப் போகவே இல்லை. உனக்குத் தேதி ஆவணியில், ஆவணியில் ஆற்றில் தண்ணீர் புரண்டு ஓடும். அதனால்தான் வராதே என்றேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். தேர்தல் வந்தது. ஓட்டுக் கேட்க வருகிறவர்கள் எல்லாரும் பங்குனி, சித்திரையில் வருகிறார்கள் என்பதை நீ கவனித்திருக்கிறாயா? அப்போது ஆறு காய்ந்து கிடக்கும். வேன், ஜீப்பு, பின்னாலே முப்பது பைக் எல்லாம் ஆற்று மணலில் இறங்கி ஏறி நேராகத் தெருவுக்குள் வந்துவிடும். நமக்கு ஆறு ஒன்று குறுக்கே இருக்கிறது என்பதே அவர்களுக்குத் தெரிவதில்லை. வந்தால் நாங்கள் பாலம் என்போம், கட்டாயம் என்பார்கள். அரச மரத்தடியில் இரண்டு கட்சிக்காரர்களும் நட்ட இரண்டு அடிக்கல் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறது, நம்ம வீட்டு ஆடு ஒன்றில் முதுகைத் தேய்த்துக்கொள்ளும், இன்னொன்றின் நிழலில் படுத்துக்கொள்ளும். போன தடவை மனு எழுதிக் கொடுத்தோம், அறுபத்துமூன்று கையெழுத்து. மனு என்பது வேட்பாளர்களுக்கு ரொம்பப் பிடித்த சாமான் என்று அப்புறம்தான் எனக்கு உறைத்தது. சிரித்துக்கொண்டே வாங்கிப் பக்கத்தில் இருக்கிறவர் கையில் கொடுத்துவிட்டால் பதில் சொன்ன கணக்காகிவிடுகிறது. இந்தத் தடவை மகளிர் குழுவில் உட்கார்ந்து பேசினோம். பூர்ணிமா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, பாலம் கட்டுவீங்களான்னு கேட்டா எல்லாரும் கட்டுவேன்னுதான் சொல்லுவாங்க, அது கேள்வியே இல்லக்கா, பாலம் வர்ற வரைக்கும் வலி வந்தா எந்த வழியா போறதுன்னு கேளுங்க, அதுக்கு என்ன சொல்றாங்கன்னு பாப்போம் என்றாள். எட்டு வருடமாக யாருக்கும் தோன்றாத கேள்வி.

முதலில் வந்தவர் உன் அப்பா கட்சி வேட்பாளர் இனியவன். உன் அப்பாவைத்தான் தெரியுமே, முப்பது வருடமாக அந்தக் கரைவேட்டியைத் தவிர வேறு கட்டாதவர், பூத்தில் ஏஜெண்டாக உட்காருவதைக் குலதெய்வத்துக்குச் செய்கிற பூஜை மாதிரி செய்கிறவர். எங்கள் யோசனை காதில் விழுந்ததும், இந்தா பாரு ராசம்மா, வந்த மனுஷனை நிக்க வச்சுக் கேள்வி கேட்டு என் மானத்தை வாங்கிடாதே என்று சொல்லிவிட்டுப் போனார். நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஆரத்தித் தட்டை நான்தான் பிடித்தேன். எனக்கு ஒரு கணக்கு இருந்தது. மற்ற நேரத்தில் வேட்பாளர் காற்று மாதிரி போய்விடுவார், ஆனால் ஆரத்தி சுற்றும்போது பாதியில் நகர மாட்டார், நகர்ந்தால் சகுனம் கெட்டுப்போகும் என்று பயம். இனியவன் வேன் சக்கரத்துக்கெல்லாம் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டு வந்தவர். இரண்டு சுற்று சுற்றிவிட்டு, மூன்றாவதை முடிக்காமலே கேட்டேன். பாலம்தானேம்மா, முதல் கையெழுத்தே அதுக்குத்தான் என்றார். பாலத்தைக் கேக்கலீங்க, பாலம் வர்ற வரைக்கும் பிரசவ வலி வந்தா எந்த வழியா கொண்டு போறதுன்னு கேக்குறேங்க என்றேன். நல்ல கேள்வி என்றார். நான் சுற்றுகிறேன். தேர்தல் நடத்தை விதி இருக்கும்மா, இப்ப எதுவும் அறிவிக்கக் கூடாது என்றார். அறிவிக்க வேணாங்க, சும்மா வழி சொன்னா போதும் என்றேன். சுற்றிக்கொண்டே இருக்கிறேன், ஏழோ எட்டோ சுற்று, ஆரத்தித் தண்ணீர் தளும்பி அவருடைய வெள்ளைச் செருப்பில் சிவப்பாக வழிகிறது, தப்படிக்கிறவர்கள் கூட நிறுத்திவிட்டார்கள். அப்போது அந்த மனுஷன் என்ன செய்தார் தெரியுமா, எங்க அம்மாவைப் பாக்குற மாதிரியே இருக்கு என்று சொல்லித் தடாலென்று என் காலில் விழுந்துவிட்டார்! விசில் பறக்கிறது, தப்பு அதிர்கிறது, போட்டோ எடுக்கிறார்கள். காலில் விழுந்தவரை நல்லா இருப்பா என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது, சொன்னேன், பொட்டு வைத்தேன், போய்விட்டார். கேள்வி தட்டோடு என் கையிலேயே நின்றது. உன் அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, சாப்பாட்டுக்கு மட்டும் கரெக்டாக வந்தார்.

எதிர்க்கட்சிக்காரருக்கு இந்தச் சேதி முன்கூட்டியே போய்விட்டது போலிருக்கிறது. அவர் வேனை விட்டு இறங்கவே இல்லை. பூர்ணிமா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முன்னாலே போய் நின்று கேட்டாள். அவர் மைக்கைப் பிடித்து, இந்தத் தாய் கேட்கிறாள், பதில் எங்கே என்று நானும் கேட்கிறேன், ஆண்டவர்களே பதில் சொல்லுங்கள் என்று முழங்கினார். ஒரே கைதட்டல். எங்கள் கேள்வியை எங்களிடமிருந்தே வாங்கி எங்களைப் பார்த்தே கேட்டுவிட்டு, கும்பிட்டபடி மணலில் இறங்கிப் போய்விட்டார். பக்கத்தில் நின்ற பெண்களில் பாதிப்பேர் அவர் பதில் சொல்லிவிட்டார் என்றே நினைத்துக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். பூர்ணிமா மட்டும் கைதட்டவில்லை. எனக்கு அன்று மனசு விட்டுப்போய்விட்டது, இனி யாரிடமும் கேட்பதில்லை என்று வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டேன். உன் முகம்தான் கண்ணுக்குள் நின்றது.

அதற்கு மூன்றாம் நாள் ரேஷன் கடை வாசலில் பாமாயிலுக்கு வரிசையில் நிற்கிறோம், மூன்றே பேர் நடந்து வந்தார்கள். வேனும் இல்லை, தப்பும் இல்லை. சைபுல்லா என்று சின்னக் கட்சி ஒன்றில் நிற்கிறவர், டவுனில் இரும்புக்கடை வைத்திருக்கிறாராம். நோட்டீஸைக் கொடுத்து, உங்க ஓட்டை யோசிச்சுப் போடுங்கம்மா என்று மட்டும் சொன்னார். போகட்டும் என்று நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன், பூர்ணிமாதான் விடவில்லை, கேட்டுவிட்டாள். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வண்டி எந்தப் பக்கத்துல இருந்து வருது, எத்தனை நிமிஷம் ஆகுது, அறுப்பு மிஷின் உங்க ஊருக்கு எப்படி வருது என்று அவர்தான் எங்களைக் கேட்டார். எல்லாம் கேட்டுவிட்டு, எனக்குத் தெரியலைங்கம்மா, தெரியாம ஒண்ணை இப்ப சொல்லிட்டுப் போனா அது பாவம், வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சு வர்றேன் என்று சொல்லிவிட்டுப் போனார். ஓட்டுக் கேட்டு வந்த ஒருவர் தெரியவில்லை என்று சொல்லி என் ஐம்பத்திரண்டு வயசில் அன்றுதான் கேட்டேன். வரிசையில் நின்றவர்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை, இந்த ஆளுக்கு டெபாசிட் தேறாது என்று ஒருத்தி சொன்னாள். நானும்தான் சிரித்தேன், இப்போது அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்குச் சொன்னபடி வந்தார், தனியாக, கொடி கூட இல்லை, வேட்டி முழங்கால் வரை புழுதி. கரையோடு மேலே வரை நடந்துவிட்டு வருகிறாராம். எங்களைக் கூட்டிக்கொண்டு நம் ஊரிலிருந்து இரண்டு கிலோமீட்டர் மேற்கே இருக்கும் ரெகுலேட்டருக்குப் போனார், தண்ணீரைப் பிரித்துவிட மதகு வைத்த தடுப்பணை அது, உனக்குத் தெரியும், அதன் மேலே பாலம் உண்டு. மணல் லாரி போகக் கூடாது என்று இரண்டு இரும்புத் தூண் நட்டுக் குறுக்கே சங்கிலி போட்டுப் பூட்டியிருக்கும், பைக் மட்டும் ஓரமாகப் புகுந்து போகும், பாசன ஆபீஸ் ஜீப்பு வந்தால் மதகு பார்க்கிற லஸ்கர் பூட்டைத் திறந்துவிடுவார். சைபுல்லா சங்கிலியைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இது யாருக்காகப் போட்ட சங்கிலி என்று கேட்டார். மணல் லாரிக்கு என்றோம். ஆம்புலன்ஸ் மணலா ஏத்துது என்று கேட்டார். கரை ரோடு கப்பி போட்டது, மழையிலும் நிற்கும். ஜீப்பு போகிற பாலத்தில் ஆம்புலன்ஸ் போகாதா? எட்டு வருடமாக அந்தச் சங்கிலியில் நான் ஆட்டைக் கட்டி மேய்த்திருக்கிறேன். பாலம் பாலம் என்று கத்திக்கொண்டு இருக்கிற பாலத்தைப் பார்க்காமலே இருந்துவிட்டோம், வேட்பாளர்கள் எளிதாகத் தப்பித்தார்கள் என்றால் நாங்கள் எளிதாகக் கேட்டதும் ஒரு காரணம்தான். அவர் போகும்போது, நான் போய் ஆபீஸ்ல பேசினா ஓட்டுக்காகன்னு ஆயிடும், கிடைச்சாலும் நிக்காது, நீங்களே போய்க் கேளுங்க, இது உங்க பாதை என்றார்.

திங்கட்கிழமை பாசன ஆபீசுக்குக் கிளம்பினோம். வாசலில் செருப்பை மாட்டும்போது பார்க்கிறேன், உன் அப்பா கரை இல்லாத வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு தயாராக நிற்கிறார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அங்கே இன்ஜினியர் சின்ன வயசுக்காரர், நல்ல பிள்ளை, ஆனால் அவரும் முதலில் தேர்தல் முடியட்டும், நடத்தை விதி இருக்கிறது என்றுதான் ஆரம்பித்தார். உன் அப்பா எழுந்து, தம்பி, நாங்க ரோடு போடச் சொல்லலை, பூட்டுக்கு இன்னொரு சாவிதான் கேக்குறோம், எம் பொண்ணு தலைப்பிரசவத்துக்கு வரணும், நான் அவளை வராதேன்னு அவ அம்மாவைச் சொல்ல வச்சிருக்கேன் என்றார். முப்பது வருடம் மேடைக்கு முன்னால் உட்கார்ந்து கைதட்டிய மனுஷன் முதல் தடவையாக ஒரு ஆபீசில் எழுந்து நின்று கேட்டார் பூவிழி. அந்தப் பையன் லஸ்கரைக் கூப்பிட்டு விசாரித்துவிட்டு, மேலே யாருக்கோ போன் செய்து பேசினார். ஊராட்சியிலிருந்து ஒரு கடிதம் வேண்டும், திறந்தால் யார் எத்தனை மணிக்குத் திறந்தது என்று நோட்டில் எழுதிவிட்டு மறுபடி பூட்ட வேண்டும், லாரிக்குத் திறந்தால் சாவியைப் பிடுங்கிவிடுவேன் என்று சொன்னார். சரி என்றோம். பத்து நாளில் சாவி வந்துவிட்டது. சாவிக்குப் பொறுப்பு என்று இரண்டு பேர் பெயர், ஒன்று பூர்ணிமா, இன்னொன்று ராசம்மாள்.

சாவி வந்தால் மட்டும் போதுமா, வண்டிக்காரருக்கு வழி தெரிய வேண்டாமா? 108 டிரைவரிடம் சொல்லி வைத்திருந்தோம், முந்தாநாள் பக்கத்து ஊரில் ஒரு கேஸை விட்டுவிட்டுத் திரும்பும்போது பாதையைப் பார்த்துவிடுகிறேன் என்று வந்தார். பூர்ணிமா ஓடிப்போய்ச் சங்கிலியை அவிழ்த்தாள். மெயின் ரோடு முக்கிலிருந்து நம் வீட்டு வாசலுக்குப் பதினோரு நிமிடம், உன் அப்பா வாட்சைப் பார்த்துக்கொண்டே நின்றார். வண்டி தெருவுக்குள் நுழைந்ததும் டிரைவர் விளையாட்டுக்கு ஒரு தடவை சைரனை அடித்தார். பூர்ணிமா அப்படியே ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். அன்னிக்கு இந்தச் சத்தம் ஆத்துக்கு அந்தாண்டயே நின்னுச்சேக்கா என்று சொல்லிச் சொல்லி அழுதாள். நானும் அவளோடு உட்கார்ந்து அழுதேன், ஆனால் அது நல்ல அழுகை.

ஓட்டுப் போட்டாயிற்று, பெட்டியெல்லாம் பூட்டிக் கிடக்கிறது, எண்ணுவதற்கு இன்னும் நாள் இருக்கிறது. யாருக்குப் போட்டேன் என்று கேட்காதே, உன் அப்பாவுக்கே சொல்லவில்லை, அவரும் எனக்குச் சொல்லவில்லை, இந்த வீட்டில் இது புதுப் பழக்கம். சைபுல்லா ஜெயிப்பார் என்று யாரும் சொல்லவில்லை. ஜெயிக்கிறவர் யாராக இருந்தாலும் பாலத்துக்கு நாங்கள் விடப்போவதில்லை, இந்தத் தடவை எந்த மாதம் தொடங்கும், யார் பார்ப்பார்கள், அதுவரைக்கும் என்ன என்று கேட்கப் போகிறோம். கார்த்திகையில் ஆறு நிறைந்து ஓடும்போது வந்து பாருங்கள் என்று அழைப்பு வைக்கலாம் என்று பூர்ணிமா சொல்கிறாள். அவள் சொன்னால் சொன்னதுதான், அவளையே பஞ்சாயத்துத் தேர்தலில் நிறுத்தினால் என்ன என்று எனக்கு ஒரு நினைப்பு, இதை இன்னும் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை, நீயும் சொல்லாதே.

வராதே என்று சொன்ன அதே வாயால் சொல்கிறேன், வா அம்மா. உனக்குத் தாய் வீடு இருக்கிறது, அதற்கு வழியும் இருக்கிறது. ஆனியில் ஏழாம் மாதம் வளைகாப்புக்கு வந்தால் அப்படியே தங்கிவிடலாம், அதற்குமேல் ரயில் பயணம் வேண்டாம். மாப்பிள்ளையிடம் கீழ் பெர்த் கிடைக்கும்படி இப்போதே டிக்கெட் போடச் சொல். ஸ்கேன் பைல், ஊசி போட்ட அட்டை எல்லாவற்றையும் ஒரே பையில் வை. இரும்புச் சத்து மாத்திரையை டீயோடு போடாதே, எலுமிச்சம்பழத் தண்ணீரோடு போடு, தண்ணீர் கேனை நீ தூக்காதே, மாப்பிள்ளைக்குக் கை இருக்கிறது. நீயும் உன் பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் நூறு வருடம் இருக்க வேண்டும் என்று மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். கடிதம் கிடைத்ததும் போன் பண்ணு, நீளமாக எதுவும் பேச வேண்டாம், வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல், போதும்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா,
சி. ராசம்மாள்

அப்பா எழுதுவது: பூவிழி, உன்னை வராதே என்று அம்மா சொன்னது என் பேச்சைக் கேட்டுத்தான். அவள் மேல் கோபம் வைக்காதே. எந்த ரயில், எந்தத் தேதி என்று எனக்குச் சொல். பூட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நானே சங்கிலிப் பக்கத்தில் நிற்பேன். - சிங்காரவேலு